பேச்சில்லாமல் ஜெபம் மட்டும் செய்த வாரம்

உத்திரமேரூரில் ஒரு வாரம் முழுக்க நான் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் கிடந்தேன். ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒருவன் இருந்தான். அவன் என்னோடு பேசவில்லை, நான் அவனோடு பேசவில்லை. ஒற்றை ஆளாக இருப்பது ஒரு கஷ்டம் என்றால், இரண்டு பேராக இருந்துகொண்டே தனியாகக் கிடப்பது அதைவிடப் பெரிய கஷ்டம். அந்தக் குழியிலிருந்து பரலோகப் பிதா என்னை எப்படித் தூக்கிவிட்டார் என்று சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

சபைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஊர்க்காரர்கள் எங்களை மார்மன் என்பார்கள். எங்கள் வாலிபர்கள் இரண்டு வருடம் வீட்டை விட்டு ஊழியத்துக்குப் போவார்கள். எந்த ஊர், யார் துணை என்பதெல்லாம் நம் கையில் இல்லை. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. எப்போதும் இரண்டு இரண்டு பேராகத்தான் இருக்கவேண்டும். குளியலறை தவிர எங்கேயும் துணையின் கண்ணுக்கு மறைந்து போகக்கூடாது. காலையிலும் படுக்கும் முன்பும் சேர்ந்து முழங்காலில் நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் வாய்விட்டு ஜெபிக்கவேண்டும்.

என் பெயர் கதிர்வேல். ஆனால் என் பட்டையில் இருந்தது ‘எல்டர் ராமசாமி’. எல்டர் என்பது ஊழியத்தில் இருக்கிற பையன்களை அழைக்கும் முறை. அதற்குப் பின்னால் குடும்பப் பெயர் வரவேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் இருந்த அப்பாவின் பெயரை எடுத்துப் போட்டுவிட்டார்கள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் என் நெஞ்சைப் படித்துவிட்டு, “இன்னாபா, ராமசாமின்னு பேர வச்சிக்கினு ஏசு கத சொல்லிக்கினு கீற?” என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்தேனே தவிர, உள்ளே சுருக்கென்றது. என் அப்பா பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர். நான் ஞானஸ்நானம் எடுத்த நாளோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு சொல் இல்லை. பேசாத அப்பாவின் பெயரால் ஊரே என்னைக் கூப்பிட்டது. என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லாமல் பதினான்கு மாதம் ஓடியிருந்தது.

என் துணை எல்டர் மேடிசெட்டி. காக்கிநாடாப் பக்கத்துத் தெலுங்குப் பையன். தமிழ்நாட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல பையன், சிரித்த முகம். எனக்குத்தான் ஒரு வியாதி உண்டு. தப்பைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. இட்லிக்கடைக்காரர் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தாலும் சொல்வேன், அவன் தமிழைத் தப்பாகப் பேசினாலும் சொல்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்புலிவனத்தில் எங்கள் சபைச் சகோதரி மல்லிகாக்கா வீட்டில் அவன் முடிவு ஜெபம் சொன்னான். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும், அவன் எங்கெங்கே தப்புவிட்டான் என்று எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொன்னேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். அவன் முகம் தொங்கிப்போனது.

அன்று சாயங்காலம் எங்கள் வாராந்திரக் கூட்டம். கூட்டம் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் குறையை ஒருவர் அன்பாகச் சொல்லித் திருத்திக்கொள்ளவேண்டும் என்பது ஊழியத்தில் ஒரு ஒழுங்கு. நான் ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தேன். ஏழு குறை. நிதானமாகப் படித்தேன். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முறை வந்தபோது ஒன்றே ஒன்று சொன்னான்.

“நீ எல்லாரையும் கரெக்ட் பண்றே. உங்க அப்பாவையும் அப்படித்தான் பண்ணிருப்பே. அதான் அவர் பேசல.”

எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன். அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அந்த நிமிஷமே சண்டை போட்டிருப்பேன். நான் புதிதாக விசுவாசத்துக்கு வந்த வேகத்தில் வீட்டு மாடத்து விளக்கிலிருந்து அப்பா நெற்றித் திருநீறு வரைக்கும் ஒவ்வொன்றாகத் தப்பு சொன்னவன். அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குப் புரியவில்லை. அந்த நிமிஷத்தோடு எங்கள் பேச்சு நின்றது.

திங்கட்கிழமை எங்களுக்குத் துணி துவைக்கிற நாள், வீட்டுக்குப் போன் பேசுகிற நாள். அம்மா பேசினாள். அப்பா எங்கே என்று கேட்டேன். “இப்பத்தான் தறிக்குடோனுக்குப் போனாருடா கண்ணு,” என்றாள். பின்னால் அவர் இருமுகிற சத்தம் எனக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டு, எங்கள் மிஷன் தலைவருக்கு ஒவ்வொரு வாரமும் எழுதுகிற கடிதத்தில் இரண்டே வரி எழுதி அனுப்பினேன். என்னால் முடியவில்லை, என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று. மேடிசெட்டியிடம் சொல்லவில்லை.

பேச்சு நின்றாலும் ஜெபம் நிற்கவில்லை. விதி விதிதானே. அங்கேதான் எங்களுக்குப் புத்தி கெட்டது. அன்று படுக்கும் முன் என் முறை. “பரலோகப் பிதாவே, இந்த அறையை இந்த வாரம் பெருக்கவேண்டியது யார் என்று சிலருக்கு நினைவூட்டும்,” என்று ஜெபித்தேன். மறுநாள் காலை அவன் முறை. “பிதாவே, சில பேர் ரொம்ப ரொம்ப நல்லவங்க. கொஞ்சம் கம்மி பண்ணுங்க,” என்றான். கேட்டவனும் ஆமென் சொல்லவேண்டும் என்பது எங்கள் வழக்கம். என்னைக் குத்திய ஜெபத்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நானே ஆமென் சொன்னேன். வானத்தையும் பூமியையும் படைத்தவரை இரண்டு பேரும் சேர்ந்து தபால்காரராக்கிவிட்டோம். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் ஏகாம்பரம் அண்ணன் விவசாயி. எங்கள் சபை இல்லை, ஆனால் எங்கள் மேல் பிரியம். படிக்கட்டில் என்னை மடக்கினார்.

“இன்னாபா, மேல ஆள் கீறீங்களா, காலி பண்ணிட்டீங்களா? சாமி கும்புடற சத்தம் மட்டும்தான் கேக்குது. மீதி நேரம் எழவு வூடு மாரி கீது.”

“ஒண்ணும் இல்லைங்ணா,” என்றேன்.

“ஒண்ணும் இல்லன்னா ஏன் மூஞ்சி அப்டி கீது?” என்றார். சைக்கிளை எடுக்க இறங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மழை கொட்டியது. திருப்புலிவனம் போகிற வழியில் என் சைக்கிள் பஞ்சர். மேடிசெட்டி முன்னால் போய்க்கொண்டிருந்தவன் நின்றான். திரும்பி என் பக்கம் வரவில்லை, விட்டுவிட்டும் போகவில்லை. சரியாகக் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், புளியமரத்தடியில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நனைந்துகொண்டே நின்றான். நான் உருட்டினேன், அவனும் உருட்டினான். பஞ்சர் கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, புத்தகப் பை நனையாமல் போர்த்திக்கொள்ள ஆளுக்கொரு யூரியா சாக்கு கொடுத்தார். அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் நல்லது அந்தச் சாக்குதான்.

மல்லிகாக்கா மோர் கொடுத்தார். அவர் வீட்டுக்காரர் கன்னியப்பன் அண்ணன் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். நட்டு இருபது நாளான நெல் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது. “நின்னா போதும் தம்பி, மய நின்னா போதும். ஒரு ஜெபம் பண்ணுங்க,” என்றார். மேடிசெட்டியைப் பார்த்துத்தான் கேட்டார். எப்போதும் நீளமாக, சந்தோஷமாக ஜெபிக்கிறவன், இரண்டே வரியில் முடித்துக்கொண்டான். ஆமென் சொன்னதும் என் முகத்தைத்தான் முதலில் பார்த்தான், அடிபட்ட பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல.

மல்லிகாக்கா வாசல்வரை வந்தார். “இன்னா தம்பி ரெண்டு பேரும் ஆளுக்கொரு தெசையா பாத்துக்கினு கீறீங்க? அடிச்சிக்கினீங்களா?” என்றார். நான் இல்லை என்றேன். ஊழியக்காரன் பொய் சொன்னேன்.

புதன்கிழமை ஏரிக்கரையில் சறுக்கி விழுந்தேன். வெள்ளைச் சட்டை செம்மண்ணாகிவிட்டது. முழங்கை சிராய்த்து ரத்தம். அவன் கையை நீட்டினான். நான் அதைப் பிடிக்காமல், தரையில் கையூன்றி எழுந்தேன். அன்று மத்தியானம் நான் சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். இரண்டு பேரும் கருகிய சோற்றை ரசம் ஊற்றிச் சத்தம் காட்டாமல் தின்றோம். மறுநாள் காலை என் சட்டை துவைத்துக் கொடியில் தொங்கியது. யார் துவைத்தது என்று கேட்கவேண்டிய அவசியம் இல்லை. அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர்தான். நன்றி சொல்லவேண்டும் என்று தெரியும். சட்டையை எடுத்து மடித்து வைத்தேன்.

வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பெல்லாம் அடித்துப்போட்டாற்போல வலி. போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு, இந்த முறை யாரையும் குத்தாமல், மனதுக்குள்ளே ஜெபித்தேன். “பிதாவே, என்னோடு பேச ஒரு ஆளை அனுப்பும். யாராக இருந்தாலும் சரி.” காய்ச்சல் போகவேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. அப்படி ஒரு தனிமை அது. வீட்டில் அப்பா பேசவில்லை, அறையில் இவன் பேசவில்லை. நான் செத்துக் கிடந்தால்கூட எல்டர் ராமசாமி செத்தான் என்பார்களே தவிர கதிர்வேல் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்களே என்று போர்வைக்குள் அழுதேன்.

ஏகாம்பரம் அண்ணன் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மேடிசெட்டி பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். ரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை, பயப்பட வேண்டாம், மாத்திரை போட்டு ஓய்வெடு என்று அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை காய்ச்சல் இன்னும் ஏறியது. மேடிசெட்டி கடைக்குப் போக முடியாது, என்னைத் தனியாக விடக்கூடாதே. மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, “ஏகாம்பரம் அண்ணா, இளநீர், பிரெட், இளநீர்,” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். அவர் வாங்கி வந்து, “இவன் போட்ட சத்தத்துல என் மாடே மெரண்டு போச்சு,” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது, இருமலில் மறைத்தேன்.

அன்று மத்தியானம் மூன்று மணி இருக்கும். அரைத்தூக்கத்தில் இருந்தேன். நெற்றியில் ஈரத்துணி இருந்தது. அடுக்களைப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தேன். மேடிசெட்டி காஸ் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில், தரையில் முழங்காலிட்டிருந்தான். தெலுங்கில் ஜெபித்துக்கொண்டிருந்தான். எனக்கு முன்னால் அவன் தெலுங்கில் ஜெபித்ததே இல்லை. எனக்குத் தெலுங்கு தெரியாது. ராமசாமி, ராமசாமி என்று மூன்று நான்கு தடவை என் காதில் விழுந்தது. அது குத்துகிற குரல் இல்லை. ஒரு பிள்ளை அழுகிற குரல்.

போர்வைக்குள் நான் கேட்டதற்குப் பதில் அடுக்களைத் தரையில் இருந்தது. பேச ஒரு ஆளை அனுப்பும் என்று கேட்டேனே, அந்த ஆளை மூன்று மாதத்துக்கு முன்பே அனுப்பிவிட்டார். அவன் வாயை அடைத்தவன் நான்.

சகோதர சகோதரிகளே, எங்களில் நோயாளிக்குத் தலையில் எண்ணெய் தொட்டு, கைவைத்து ஆசீர்வாதம் கொடுப்பார்கள். அது உங்களுக்குத் தெரியும். ஆனால் நோயாளி கேட்கவேண்டும். அவன் இரண்டு நாளாக அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவனுடைய சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிற சின்ன எண்ணெய்க் குப்பி மேசைமேல் தயாராக இருந்தது. நான் பார்த்துக்கொண்டேதான் படுத்திருந்தேன். ஐந்து நாளாக அவனோடு பேசாத நான் என் தலையை அவன் கைக்குக் கீழே கொடுக்கவேண்டும். உயிர் போனாலும் கேட்கமாட்டேன் என்று ஒரு மனசு. கேட்காவிட்டால் நாளைக்கோ மறுநாளோ பெட்டியைக் கட்டிக்கொண்டு, இப்படியே, யாரும் இல்லாதவனாகவே வீட்டுக்குப் போவாய் என்று இன்னொரு மனசு.

“மேடிசெட்டி,” என்றேன். குரல் கரகரத்தது. “எனக்கு ஆசீர்வாதம் குடுக்கிறயா?”

அவன் சட்டென்று எழுந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். குப்பியை எடுத்தான். என் தலைமாட்டில் வந்து நின்றவன் தயங்கினான். ஆசீர்வாதத்தில் முழுப்பெயர் சொல்லவேண்டும்.

“உன் முழுப் பேரு என்ன?” என்று கேட்டான். மூன்று மாதம் ஒரே அறையில் இருந்தோம். அவனுக்குத் தெரியாது. அவனுடையதும் எனக்குத் தெரியாது.

“கதிர்வேல். கதிர்வேல் ராமசாமி.”

“கதிர்வேல்,” என்று அவன் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். “தமிழ்லயா, தெலுங்குலயா?”

“உனக்கு எது வருதோ அது.”

ஒரு சொட்டு எண்ணெயை என் உச்சியில் தொட்டு, இரண்டு கையையும் தலையில் வைத்தான். கதிர்வேல் என்று ஆரம்பித்தான். அதற்கப்புறம் தெலுங்கு. தண்ட்ரி என்றால் தகப்பன் என்று மட்டும் எனக்குத் தெரியும். அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. நடுவில் நிறுத்திவிட்டான். கை தலையிலேயே இருந்தது. கீழே ஏகாம்பரம் அண்ணனின் மாடு கத்தியது. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் தொடர்ந்து முடித்தான். நான் ஆமென் சொன்னேன். அந்த வாரத்தில் நான் முழு மனசோடு சொன்ன ஒரே ஆமென் அதுதான்.

“நான் அப்பா பத்தி சொன்னது தப்பு,” என்றான்.

“தப்பு இல்லடா. நெசம். அதான் வலிச்சுது,” என்றேன். பிறகு ரொம்ப நேரம் பேசினோம். அவன் பெயர் பிரசாத். அவன் அம்மா போன வருஷம் இறந்துபோனதும், வீட்டில் அவனோடு போனில் பேச ஒரு அக்கா மட்டும் இருப்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை காய்ச்சல் இறங்கியிருந்தது. மாத்திரையும் வேலை செய்திருக்கும், நான் மறுக்கவில்லை. டாக்டரையும் அவர்தானே படைத்தார். கஞ்சி குடிக்கும்போது கடிதத்தைப் பற்றி அவனிடம் சொன்னேன். வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதிவிட்டேன் என்றேன். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“நான் ரெண்டு மாசமா தினம் ஜெபம் பண்ணேன். ராமசாமியை வேற ஊருக்கு மாத்துங்கன்னு. அவர் கேக்கல,” என்றான். கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டு, “நல்லதாச்சு,” என்றான்.

மத்தியானம் தலைவர் போன் செய்தார். எங்களுக்கு இருந்தது ஒரே போன். மேடிசெட்டி அதை என்னிடம் நீட்டிவிட்டு, விதிப்படி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், வாசற்படியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவன் தோள் விறைத்திருந்தது. உன் கடிதம் வந்தது, என்ன சொல்கிறாய் என்று தலைவர் கேட்டார். “இருக்கிறேன் ஐயா. என் துணையையும் மாற்றவேண்டாம்,” என்றேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் இறங்கியது.

மறுநாள் சபைக்குக் கன்னியப்பன் அண்ணன் வந்திருந்தார். “பாதிப் பயிரு போச்சி தம்பி. பாதி தல தூக்கிக்கினு கீது. அது போதும்,” என்றார். முடிவு ஜெபத்தை மேடிசெட்டியைச் சொல்லச் சொன்னேன். நீளமாக, சந்தோஷமாகச் சொன்னான். மூன்று தப்பு இருந்தது. எண்ணினேன், பழக்கதோஷம். வாயைத் திறக்கவில்லை.

ஊழியம் முடிந்து நான் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. முதல் வாரம் அப்பா எப்போதும்போல என்னைக் கடந்து போனார். நான் அவரைத் திருத்த வரவில்லை, அதற்காக ஜெபிக்கவும் இல்லை. ஒரு நாள் காலை தறிக்குடோனுக்கே போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் போய் நின்று, “அப்பா, எம் மேல தப்புங்கப்பா. ஆசீர்வாதம் பண்ணுங்க,” என்று குனிந்தேன். சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தேன். அவர் தறியை நிறுத்தினார். கையில் ஒட்டியிருந்த பஞ்சை வேட்டியில் துடைத்தார். என் தலையில் கையை வைத்தார். ஒன்றும் பேசவில்லை. கையை எடுக்கவும் இல்லை. பக்கத்துத் தறிக்காரர் திரும்பிப் பார்க்கிறவரைக்கும் அந்தக் கை அங்கேயே இருந்தது. இப்போது சாப்பிடும்போது, “கொழம்பு ஊத்து,” என்று என்னிடம் சொல்கிறார். எனக்கு அது போதும், மீதி மெதுவாக வரட்டும்.

உங்களில் யாராவது ஒரே வீட்டுக்குள் பேச்சில்லாமல் இருந்தால், அந்த ஆளைத் திருத்தும் பிதாவே என்று ஜெபிக்காதீர்கள். நான் ஜெபித்துப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. நேராக அந்த ஆளிடமே போய், எனக்காக வேண்டிக்கொள்வாயா என்று கேளுங்கள். வாய் திறப்பது கஷ்டம்தான். என் பிதா உயிரோடு இருக்கிறார், ஜெபம் கேட்கிறார் என்று நான் அறிவேன். அவர் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது என் தலைக்கு வந்தபோது ஒரு தடவை எண்ணெய் வாசனை அடித்தது, ஒரு தடவை பஞ்சு ஒட்டியிருந்தது. இயேசுவின் பெயரால் இதைச் சொல்லி உட்காருகிறேன்.